தடுமாறும் குரலுக்கு ஏன் இத்தனை கைத்தட்டல்?

ரசிகர்களின் அன்பை நம்பி ஆடிப்பாடும் இளம் நட்சத்திரங்களை ஜப்பானில் 'ஐடல்' என்பார்கள். அந்த ஐடல் குழுக்களின் மேடை நிகழ்ச்சிகளைப் பார்த்த நண்பர் ஒருவர் என்னிடம் இப்படிக் கேட்டிருந்தார்: "பாடும் பெண்களில் பலருக்குச் சுருதி நிற்கவில்லை. நடனத்தில் ஒருவர் அரை அடி பின்தங்குகிறார். பாட்டின் நடுவே ஒருவர் அழுதேவிடுகிறார். கூட்டம் இவற்றை மன்னிப்பதோடு நிற்காமல் இவற்றுக்காகவே ஆர்ப்பரிக்கிறது. இது என்ன வகை ரசனை? குறையிலும் எளிமையிலும் அழகு காணும் ஜப்பானியரின் வாபி-சாபி அழகியலோடு இதற்குத் தொடர்பு உண்டா, அல்லது எல்லாம் வெறும் வியாபாரம்தானா?" இந்தத் துறையை நெடுங்காலமாகக் கவனித்து வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வியிலேயே ஒளிந்திருக்கும் ஒரு பொதுமைப்படுத்தலை முதலில் விலக்கிவிட வேண்டும். ஜப்பானிய ஐடல்கள் எல்லோரும் பாடத் தெரியாதவர்கள் என்பது உண்மையல்ல. 1980-இல் அறிமுகமான மட்சுதா செய்கோ குரல்வளத்துக்குப் பெயர்பெற்றவர். ஹிரோஷிமாவிலிருந்து வந்த பெர்ஃபியூம் குழுவின் மூவரும் இம்மி பிசகாத நடன ஒழுங்குக்காகவே உலகம் முழுவதும் அறியப்பட்டவர்கள். ஆகவே திறமை அங்கே வேண்டாத சரக்கு அல்ல. ஆனால் திறமை இல்லாமலும் ஒருவர் ஐடலாகத் தொடங்கலாம், பல ஆண்டுகள் நிலைக்கலாம், சில வேளைகளில் திறமைசாலியை முந்தியும் செல்லலாம் என்பதுதான் அந்த உலகத்தின் தனித்தன்மை. விளக்கம் தேவைப்படுவது இதற்குத்தான்.

வாபி-சாபி என்ற சொல் ஜப்பானைப் பற்றி வெளியார் எழுதும் கட்டுரைகளில் சர்வரோக நிவாரணி ஆகிவிட்டது. தேநீர்க் கிண்ணம், தோட்டம், மர வீடு, கைப்பேசி வடிவமைப்பு என எதற்கும் அதையே எடுத்துப் பூசுகிறார்கள். நிறைவின்மையைப் போற்றும் மரபு ஜப்பானில் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. பதினான்காம் நூற்றாண்டுத் துறவியான யோஷிதா கென்கோ, எல்லாவற்றையும் குறைவற்ற தொகுதியாக அடுக்கிவைக்க முயல்வது அறிவிலிகளின் வேலை என்றும், ஏதேனும் ஒன்றை முடிக்காமல் விட்டுவைப்பதே சுவை என்றும் எழுதினார். நிக்கோ நகரத்துத் தோஷோகு ஆலயத்தின் யோமேய்மோன் வாயிலில் ஒரு தூணின் அலங்கார வேலைப்பாட்டை வேண்டுமென்றே தலைகீழாகச் செதுக்கி நிறுத்தியிருக்கிறார்கள். கட்டடம் முழுமை பெற்ற கணத்திலேயே அதன் சரிவு தொடங்கிவிடும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். இருந்தாலும் இந்த மரபு ஐடல் ரசனையை விளக்கிவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை. கிண்ணத்தில் விழுந்த விரிசல் நாளைக்கும் அப்படியே இருக்கும். அந்த அசைவின்மையில்தான் அதன் அழகே இருக்கிறது. ஐடலிடம் இருக்கும் குறையோ நாளைக்குக் கொஞ்சமேனும் தேய்ந்திருக்க வேண்டும். தேயவில்லையென்றால் தேய்ப்பதற்காக அவர் பாடுபட்டது கண்ணுக்குத் தெரிய வேண்டும். கிண்ணத்தைப் பார்ப்பவர் அதன்முன் அமைதியாக அமர்கிறார். ஐடலைப் பார்ப்பவர் எழுந்து நின்று பெயர் சொல்லிக் கத்துகிறார்.

பழைய வேர் ஒன்றைத் தேடியே ஆகவேண்டுமென்றால், நான் கைகாட்டுவது 'ஹோகன்-பீகி' என்ற சொல்லை. வென்றும் அண்ணனால் வேட்டையாடப்பட்டு மாண்ட பன்னிரண்டாம் நூற்றாண்டு வீரன் மினமோதோ யோஷிட்சுனே மீதான பரிவிலிருந்து பிறந்த சொல் அது; தோற்பவர் பக்கம் மனம் சாய்வதைக் குறிக்கிறது. இந்தச் சாய்வு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹரு உராரா என்ற பந்தயக் குதிரை நல்ல சாட்சி. கோச்சி நகரத்துச் சிறிய பந்தயத் திடலில் 1998 முதல் ஓடிய அந்தக் குதிரை மொத்தம் 113 பந்தயங்களில் ஒன்றில்கூட வெல்லவில்லை. தோல்விகள் சேரச் சேர அதன் புகழும் சேர்ந்தது. 2004 மார்ச்சில் நாட்டின் முதன்மையான குதிரையோட்டி தாகே யூதாகா அதன்மேல் ஏறிய நாளில், மூடுவிழாவை எதிர்நோக்கியிருந்த அந்தத் திடலில் சுமார் 13,000 பேர் கூடினார்கள். அன்றும் அது 11 குதிரைகளில் பத்தாவதாகத்தான் வந்தது. அதன்மேல் பந்தயம் கட்டிய சீட்டைப் பலர் பணமாக்க நினைக்காமல் தாயத்தாக வைத்துக்கொண்டார்கள். ஜப்பானிய மொழியில் பந்தயம் 'பலிக்காது' என்பதற்கும் வண்டி 'மோதாது' என்பதற்கும் ஒரே சொல் என்பதால், அது சாலை விபத்திலிருந்து காக்கும் என்று ஒரு வேடிக்கையான நம்பிக்கை. கோஷியேன் திடலில் நடக்கும் பள்ளி மாணவர் பேஸ்பால் போட்டியில், தோற்ற அணியின் பையன்கள் அழுதுகொண்டே திடலின் மண்ணைப் பையில் அள்ளிச் செல்லும் காட்சிக்கும் மக்கள் மனத்தில் இதே இடம்தான்.

ஆனாலும் பரிவு மட்டும் ஒரு தொழில்துறையைக் கட்டி எழுப்பாது. கற்றுக்குட்டித்தனத்தையே அரங்கேற்றலாம் என்ற எண்ணத்துக்கு வேறொரு வரலாறு இருக்கிறது. 1914-இல் தகராசுகா என்ற வெந்நீரூற்று ஊரில், ரயில் நிறுவன முதலாளியான கோபயாஷி இச்சிசோ, தம் ரயிலுக்குப் பயணிகளை இழுப்பதற்காக இளம்பெண்களைக் கொண்டு இசை நாடகம் போட்டார். பயிற்சி கடுமையானது, இன்று அங்கே மேடையேறுபவர்கள் தேர்ந்த கலைஞர்கள். ஆனால் எத்தனை ஆண்டுகள் ஆனாலும், முதன்மை நட்சத்திரமே ஆனாலும், அந்த அமைப்பில் அவர்களுடைய பெயர் 'மாணவி' என்பதுதான். தொழில்முறைக் கலைஞரை இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் பெண்ணாகப் பார்வையாளர் முன் நிறுத்தும் இந்த உத்தி, ஐடல் என்ற சொல் ஜப்பானுக்குள் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே நடைமுறையில் இருந்தது.

அந்தச் சொல் 1964-இல், பாடகி சில்வி வார்த்தான் தோன்றிய ஒரு பிரெஞ்சுத் திரைப்படத்தின் ஜப்பானியத் தலைப்பு வழியாகப் பரவியது. அதற்கு இன்றைய பொருளைக் கொடுத்தது தொலைக்காட்சி. 1971-ஐ அந்த உலகத்தின் தொடக்க ஆண்டாகப் பலரும் கொள்வார்கள். ஒகினாவாவிலிருந்து வந்த மினாமி சாவோரி அந்த ஆண்டுதான் அறிமுகமானார். புதுமுகங்களைத் தேடும் 'ஸ்டார் தன்ஜோ' நிகழ்ச்சியும் அதே ஆண்டு அக்டோபரில் தொடங்கியது. மேடையில் சிறுமி பாடி முடித்ததும், கீழே அமர்ந்திருக்கும் நிறுவனப் பிரதிநிதிகள் அவரைத் தங்களுக்கு வேண்டுமென்றால் பெயர்ப்பலகையை உயர்த்திக் காட்டுவார்கள். சந்தையில் மாடு பிடிக்கும் காட்சி நினைவுக்கு வந்தால் அது உங்கள் தவறல்ல. அந்த நிகழ்ச்சியை வடிவமைத்தவர்களில் ஒருவரும் நடுவராக இருந்தவருமான பாடலாசிரியர் அகு யூ, பழுத்துப்போன தேர்ச்சியைக் காட்டிலும் பக்குவப்படாத இளமையைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கருத்துடையவர். இந்தத் துறையின் அரசியலமைப்புச் சட்டம் என்று ஒன்று இருந்தால் அதன் முதல் விதி இதுவாகத்தான் இருக்கும்.

இந்த விதி ஏன் தொலைக்காட்சிக் காலத்தில் பிறந்தது என்பது யோசிக்க வேண்டியது. திரையரங்கில் நடிகையின் முகம் சுவரளவு பெரியது. நாம் அண்ணாந்து பார்த்தோம். வீட்டுத் தொலைக்காட்சியில் தெரியும் பெண்ணோ, இரவுச் சாப்பாட்டு வேளையில், குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும் அறையின் மூலையில், உண்மையான ஆளைவிடச் சிறிய அளவில் இருக்கிறாள். அங்கே அண்ணாந்து பார்க்க எதுவுமில்லை. தங்கையின் பள்ளி ஆண்டுவிழாவைப் பார்ப்பது போன்ற ஒரு மனநிலைதான் அந்தச் சட்டகத்துக்கு இயல்பாகப் பொருந்துகிறது. 1973-இல் ஒரு தொடரில் பணிப்பெண்ணாக நடித்த அசாதா மியோகோ, தம் முதல் பாடலைக் கேட்பவர் பதறும் அளவுக்குச் சுருதி விலகித்தான் பாடினார். பாடல் விற்பனைப் பட்டியலின் உச்சிக்குப் போனது. ஆண்டு முடிவில் புதுமுகங்களுக்கான விருது ஒன்றும் கிடைத்தது. அவரைக் கேலி செய்தவர்களும் அந்த இசைத்தட்டை வாங்கியவர்களும் பெரும்பாலும் ஒரே ஆட்கள்தான் என்று நான் நினைக்கிறேன்.

அதற்குப் பிந்தைய பத்தாண்டுகளை விரைவாகக் கடந்துவிடலாம். கேண்டீஸ் என்ற ஐடல் குழுவின் மூவர் 1977 கோடையில் ஹிபியா திறந்தவெளி அரங்கில் "சாதாரணப் பெண்களாகத் திரும்பிவிட வேண்டும்" என்று அழுதபடி அறிவித்து, அடுத்த ஏப்ரலில் 55,000 பேர் முன்னிலையில் விடைபெற்றார்கள். 1985-இல் வந்த ஓன்யான்கோ கிளப் என்ற குழு அந்த வாக்கியத்தைத் தலைகீழாக்கியது. அவர்கள் சாதாரணப் பெண்களாகவே, பெயரோடு ஓர் உறுப்பினர் எண்ணையும் சேர்த்து, வார நாட்களில் மாலை ஐந்து மணிக்குப் பள்ளி முடிந்து வருவதுபோல் தொலைக்காட்சிக்கு வந்தார்கள். அவர்களுக்குப் பாட்டெழுதிய அகிமோதோ யாசுஷி என்ற இளைஞர் அங்கே கற்ற பாடத்தை இருபது ஆண்டுகள் கழித்து மீண்டும் எடுத்துப் பயன்படுத்தினார். இடையில் 1990-களில் காற்று திரும்பியது. ஒகினாவா நடிப்புப் பள்ளியில் கடுமையாகப் பழகிய அமுரோ நமியேவும் ஸ்பீட் குழுவும் திறமையால் மேலேறிய காலம் அது. 'ஐடல்களின் குளிர்காலம்' என்று அந்த ஆண்டுகளை ரசிகர்கள் சொல்வதுண்டு. குறையின் ஈர்ப்பு என்பது ஜப்பானிய ரத்தத்தில் ஊறிய மாறாத குணம் என்று வாதிடுபவர்கள் இந்தக் குளிர்காலத்தை மறந்துவிடுகிறார்கள்.

குளிர்காலத்தை முடித்துவைத்ததும் தோல்விதான். 1997-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியின் ராக் பாடகித் தேர்வில் தோற்ற ஐந்து பெண்களை அழைத்து, ஐந்து நாட்களில் 50,000 குறுந்தகடுகளைத் தாங்களே கையால் விற்றுக்காட்டினால் தொழில்முறை அறிமுகம் உண்டு என்று நிபந்தனை விதித்தார்கள். ஒசாகா, ஃபுகுவோகா, சப்போரோ, நகோயா என்று ஊர் ஊராக வரிசையில் நின்ற மக்களிடம் நான்கே நாட்களில் விற்று முடித்தார்கள். மோர்னிங் முசுமே என்ற ஐடல் குழு பிறந்த கதை அது. தேர்வில் வென்றவரும் தனிப் பாடகியாக அறிமுகமானார் என்பதும், தோற்றவர்களின் குழுதான் இன்றுவரை தலைமுறை மாறி மாறித் தொடர்கிறது என்பதும் உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி.

மீதிப் பாதி டோக்கியோவின் அகிஹாபாரா பகுதியில் இருக்கிறது. 2005 டிசம்பர் 8 அன்று, டோன் கிஹோதே என்ற மலிவு விலைக் கடையின் எட்டாவது மாடியில், அகிமோதோ உருவாக்கிய ஏகேபி48 என்ற பெண்கள் குழுவின் சிற்றரங்கம் திறந்தது. ஏறத்தாழ 250 பேர் கொள்ளும் இடத்தில் முதல் நாள் இருந்தவர்கள் 72 பேர். அவர்களிலும் பொதுமக்கள் ஏழே பேர் என்று அந்தக் குழுவின் வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். மேடையை மறைத்துக்கொண்டு அரங்கின் நடுவே இரண்டு பெருந்தூண்கள். கட்டடத்தைத் தாங்குபவை என்பதால் அகற்ற முடியவில்லை. எந்த நாற்காலியில் அமர்ந்தாலும் யாரோ ஒருத்தி தூணுக்குப் பின்னால் மறைந்துபோவாள். பிற்காலத்தில் ரசிகர்கள் அந்தத் தூண்களையே அன்போடு நினைவுகூர்ந்தார்கள் என்பது எனக்கு எப்போதும் வியப்பளிக்கும் செய்தி. அரங்கமே ஒரு கற்றுக்குட்டி ஐடலைப் போலக் குறையோடு பிறந்திருந்தது. 2012 ஆகஸ்டில் அவர்கள் டோக்கியோ டோமில் மூன்று நாள் நிகழ்ச்சி நடத்தியபோது, சிற்றரங்கிலிருந்து அந்தப் பேரரங்குக்கு உள்ள தூரமான 1830 மீட்டரையே நிகழ்ச்சியின் பெயரில் சேர்த்தார்கள். நடந்தால் அரை மணி நேரம்கூட ஆகாது. அவர்களுக்கு ஏழு ஆண்டுகள் ஆயின.

அந்த ஏழு ஆண்டுகளில் ரசிகர் என்ன செய்தார் என்பதைப் பார்த்தால்தான் குறையின் வேலை என்ன என்று புரியும். முழுத் தேர்ச்சி பெற்ற கலைஞர் முன்னால் ரசிகருக்குச் செய்ய எதுவும் இல்லை. பார்க்கலாம், வியக்கலாம், வீட்டுக்குப் போகலாம். தடுமாறுபவர் முன்னால் செய்ய நிறைய இருக்கிறது. பெயரைக் கூவலாம். அவருக்குரிய நிறத்தில் ஒளிக்கோலை ஆட்டலாம். கைகுலுக்கும் நிகழ்ச்சியில் கிடைக்கும் சில நொடிகளில் "போன வாரத்தைவிட அந்த இரண்டாவது பாட்டு நன்றாக இருந்தது" என்று சொல்லலாம். பிறந்தநாள் நிகழ்ச்சிக்கு ரசிகர்களே ஒரு குழு அமைத்து, மலர் அலங்காரத்துக்குப் பணம் திரட்டி, வருபவர்களுக்கெல்லாம் ஒளிக்கோல்கள் பங்கிடுவார்கள். விடைபெறும் பாட்டில் ஒருத்தி தொண்டை அடைத்து நின்றுவிட்டால், விட்ட வரியைக் கூட்டம் எடுத்துப் பாடி முடிக்கும். அந்த நிமிடத்துக்காகவே பல ஆண்டுகள் காத்திருந்ததுபோல் பாடுவார்கள். ஐடலின் குறை என்பது ரசிகர் வந்து உட்காருவதற்காகக் காலியாக விடப்பட்ட நாற்காலி.

அதனால்தான் அங்கே 'ரசிகர்' என்பதைவிட 'ஓஷி' என்ற சொல்லுக்கு எடை அதிகம். 'தள்ளு' என்ற வினையிலிருந்து வந்தது; ஒருவரைப் பின்னாலிருந்து முன்னே தள்ளுவது என்று பொருள். ஏற்கெனவே முன்னால் நிற்பவரைத் தள்ள வேண்டியதில்லை. பழைய ரசிகர்களை 'கோசான்' என்பார்கள். அவர்களுடைய பெருமையெல்லாம், யாரும் வராத நாட்களில் தாங்கள் வந்திருந்தோம், அவள் அடி எடுத்துவைக்கத் தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறோம் என்பதில்தான். குழலையும் யாழையும்விட மழலை இனிது என்று சொன்ன நம் குறள் 'தம் மக்கள்' என்ற நிபந்தனையை மறக்காமல் சேர்த்ததே, அதே நிபந்தனைதான் இங்கும் வேலை செய்கிறது. அறிமுகமற்றவருக்கு அது வெறும் அபசுரம். நீங்கள் கேட்டது அதைத்தான். உங்கள் பக்கத்து இருக்கையில் இருந்தவருக்கோ, மூன்று மாதங்களுக்கு முன் அந்த உச்ச சுரத்தை முயலவே அஞ்சியவள் இன்று முயன்று தவறியது கேட்டிருக்கும்.

இந்த ரசனைக்குள் நுண்ணிய வகைப்பாடுகளும் உண்டு. 'பொன்கொட்சு' என்றால் ஒன்றையும் உருப்படியாகச் செய்யத் தெரியாமல் இடறிக்கொண்டே இருப்பவர். பழைய கார்களைச் சுத்தியலால் அடித்து உடைக்கும் ஓசையிலிருந்து வந்த சொல் என்பார்கள். 'தென்னென்' என்றால் தாம் வேடிக்கையாகப் பேசுகிறோம் என்பதே தெரியாத அப்பாவி. 'ஹெதாரே' என்றால் தைரியம் இல்லாதவர், எளிதில் பின்வாங்குபவர். ஓய்தாவிலிருந்து வந்த ஏகேபி48 உறுப்பினர் சஷிஹாரா ரினோ இந்தக் கடைசி வகையின் முழு உருவம். தொலைக்காட்சியில் கயிறு கட்டி உயரத்திலிருந்து குதிக்கச் சொன்னபோது குதிக்க முடியாமல் அழுததுதான் அவரைப் பலருக்கு அறிமுகப்படுத்தியது. குழுவின் உறுப்பினர்களை ரசிகர்களே வரிசைப்படுத்தும் ஆண்டு வாக்கெடுப்பில் அவர் 2009-இல் 27-ஆம் இடம், பிறகு 19, 9, 4. 2013-இல் 1,50,570 வாக்குகளோடு முதலிடம். அதன்பின்னும் மூன்று முறை அவரே வென்றார். ஆனால் அவருடைய கோழைத்தனத்துக்குப் பின்னால் கூர்மையான மூளை ஒன்று இருந்தது; தம் குறையை எந்த அளவில், எந்த இடத்தில் பரிமாற வேண்டும் என்று அவரைப்போல் அறிந்தவர் அந்தக் குழுவில் இல்லை என்பது என் கணிப்பு.

நேர் எதிரான இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். அதே குழுவின் ஷிமாசாகி ஹருகா கைகுலுக்கும் நிகழ்ச்சியில் ஒட்டாமல், புன்னகை குறைவாக, சில வேளைகளில் வெறுமையான முகத்தோடு நின்றதால், அவருடைய உபசரிப்பை 'ஷியோ தாயோ', அதாவது 'உப்பு உபசரிப்பு' என்றார்கள். ஐடல் தொழிலின் அடிப்படைக் கடமையிலேயே தவறுவது அது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய சில நொடிகளில் உப்பை மட்டும் பெற்றுக்கொண்டு, அது அவருடைய கூச்சம், நடிக்கத் தெரியாத நேர்மை என்று பெருமையோடு திரும்பியவர்கள் ஏராளம். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் சிரிக்காத முகமே நம்பத்தக்கதாகத் தெரிந்தது. குறை நேர்மையின் சான்றிதழாக வேலை செய்யும் விதம் இதில் மிகத் தெளிவாக இருக்கிறது.

வியாபாரமா என்றும் கேட்டீர்கள். ஆம், ஒளிவுமறைவு இல்லாத வியாபாரம். வாக்குச்சீட்டு குறுந்தகட்டோடு வந்தது. பத்துத் தகடு வாங்கியவருக்குப் பத்து வாக்கு. வளர்ச்சி என்பதே விற்பனைப் பொருளானால், வளர இடமில்லாதவரை விற்க முடியாது. ஆகவே கச்சாவாக எடுப்பது நிறுவனத்துக்கு மலிவு, லாபமும் கூட. 2011 வாக்கெடுப்பில் 1,39,892 வாக்குகள் பெற்று முதலிடத்துக்கு மீண்ட மயேதா அட்சுகோ, "என்னை வெறுத்தாலும் ஏகேபியை வெறுத்துவிடாதீர்கள்" என்று அழுதார். நடுநாயகமாக நிற்கும் அளவுக்கு அவரிடம் என்ன இருக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கான பதில் அது. ஏற்பாடு செய்யப்பட்ட மேடையில் ஏற்பாடு செய்யப்படாத அழுகை என்று நான் நம்புகிறேன். வியாபாரம் மேடையை அமைத்தது, உணர்ச்சி உண்மையாக வந்தது. இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்ற கட்டாயம் அங்கே இருக்கும் ரசிகருக்கு இல்லை. தாம் விலைகொடுத்திருக்கிறோம் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

எனக்கு இந்த உலகத்தில் உறுத்துவது வேறு. குறைகளை இவ்வளவு தாராளமாக அணைத்துக்கொள்ளும் இதே கூட்டம் ஒரு வகைக் குறையை மட்டும் பொறுப்பதில்லை. பாடத் தெரியாமல் இருக்கலாம், ஆடத் தெரியாமல் இருக்கலாம், பேசத் தெரியாமல் இருக்கலாம், காதலிக்கக் கூடாது. தேர்ச்சியை எதிர்பார்க்காத இடத்தில் அர்ப்பணிப்பை முழுமையாக எதிர்பார்க்கிறார்கள். 2013 ஜனவரியில் ஏகேபி48-இன் முதல் தலைமுறை உறுப்பினர் மினேகிஷி மினாமி, ஓர் ஆணின் வீட்டிலிருந்து வெளியே வந்ததை வார இதழ் ஒன்று வெளியிட்டதும், தலையை மழித்துக்கொண்டு கண்ணீரோடு மன்னிப்புக் கேட்ட காணொளி உலகமெங்கும் பரவியது. அவருக்கு அப்போது 20 வயது. பயிற்சி உறுப்பினர் நிலைக்கு அவரைத் தாழ்த்தினார்கள். சஷிஹாராவும் 2012-இல் இதே போன்ற செய்தியால்தான் டோக்கியோவிலிருந்து ஃபுகுவோகாவில் இயங்கும் சகோதரிக் குழுவான எச்கேடி48-க்கு அனுப்பப்பட்டார். அவர் அதையும் தம் கோமாளிக் கதையில் சேர்த்து வென்றார். எல்லோருக்கும் அந்தச் சாமர்த்தியம் வாய்ப்பதில்லை.

காரணம் தர்க்கபூர்வமானது, அதனால்தான் கொடியது. குறை இனிப்பது அவள் 'நம்முடையவள்' என்பதால் என்றால், அவள் வேறொருவருடையவளும் ஆகும் கணத்தில் அந்தக் குறை வெறும் குறையாக மிஞ்சுகிறது. தாம் தள்ளிய தள்ளுதலெல்லாம் வீண் என்று ரசிகர் உணர்கிறார். காதல் தடை நீதிமன்றம் வரைக்கும் போனது. 2015-இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் ஓர் இளம் ஐடல் ஒப்பந்தத்தை மீறியதற்காக 6,50,000 யென் தர வேண்டும் என்றது. அடுத்த ஜனவரியில் அதே நீதிமன்றம் வேறொரு வழக்கில் ஒருவருடைய காதலைத் தடுப்பது மிகையானது என்று நிறுவனத்தின் கோரிக்கையைத் தள்ளியது. நெருக்கத்தை விற்பதில் உள்ள அபாயம் இன்னும் நேரடியாகவும் வெளிப்பட்டது. 2014 மே மாதம் இவாதே மாகாணத்தில் கைகுலுக்கும் நிகழ்ச்சிக்கு ரம்பத்தோடு வந்த ஒருவன் இரண்டு ஏகேபி48 உறுப்பினர்களையும் ஓர் ஊழியரையும் காயப்படுத்தினான். நீகாட்டா நகரத்துச் சகோதரிக் குழுவின் உறுப்பினர் ஒருவர், 2018 டிசம்பரில் தம் வீட்டு வாசலில் தாக்கப்பட்ட பிறகு, அடுத்த மாதம் மேடையில் நின்று தாமே மன்னிப்புக் கேட்டார். தாக்கப்பட்டவர் மன்னிப்புக் கேட்பதைப் பார்த்தபோதுதான், பணிவும் கண்ணீரும் அந்த மேடையில் எவ்வளவு பழக்கமான நாணயங்களாகிவிட்டன என்று பலருக்கு உறைத்தது.

இந்த ரசனை தானாகவே எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்றும் நினைக்க வேண்டாம். 2018 கோடையில் கொரியத் தொலைக்காட்சியில் 'புரொடியூஸ் 48' என்ற போட்டி நடந்தது. பங்கேற்ற 96 பேரில் 39 பேர் ஏகேபி48 குடும்பத்துக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அவர்களில் பலர் ஜப்பானில் ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள். முதல் மதிப்பீட்டிலேயே பெரும்பாலோர் கீழ் வகுப்புகளில் போய் விழுந்தார்கள். கொரியாவில் பயிற்சி மூடிய கதவுக்குள் பல ஆண்டுகள் நடக்கும். கதவு திறக்கும்போது வெளியே வருவது முடித்த பொருள். ஜப்பானில் அந்தப் பயிற்சி அறைக்கே சீட்டு விற்கிறார்கள். இரண்டு நாட்டிலும் பெண்கள் சிந்தும் வியர்வையில் வேறுபாடு குறைவு. அதை யார் பார்க்கலாம் என்பதில்தான் வேறுபாடு.

பதின்மூன்று வயதில் எச்கேடி48-இல் சேர்ந்து, அந்தக் கொரியப் போட்டியில் வென்ற மூன்று ஜப்பானியரில் ஒருவரான மியாவாகி சகுராவை இரு பக்கமும் நின்று பார்க்கலாம். ஃபுகுவோகாவில் அவருடைய குரலின் மெலிவு யாருக்கும் பெரிய செய்தியாக இருந்ததில்லை. அது வளரும் பெண்ணின் குரல், அதற்குக் கைதட்ட ஆட்கள் இருந்தார்கள். 2022-இல் லெ செராஃபிம் குழுவில் கொரிய முறைப்படி மீண்டும் அறிமுகமாகி, 2024 ஏப்ரலில் அமெரிக்காவின் கோச்செல்லா விழா மேடையில் நின்றபோது, குழுவின் நேரடிக் குரல் தடுமாறிய நொடிகளைத் துண்டு துண்டாக வெட்டி இணையம் முழுவதும் பகிர்ந்து ஏளனம் செய்தார்கள். சகுரா ரசிகர்களுக்கு ஒரு பதிவு எழுதினார்: மேடையில் நிற்பது என்றால் ஒரு பிழையும் இல்லாமல் இருப்பதுதானா என்று கேட்பதாக அது இருந்தது. கொரிய மொழிப் பின்னூட்டங்களில் கடிந்துகொண்டவர்கள் பலர். அதற்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன் ஃபுகுவோகாவில் அவருடைய பெயரைக் கூவியவர்களுக்கு அந்தக் கேள்வி புரிய விளக்கம் எதுவும் தேவைப்பட்டிருக்காது.